கடல்மட்டம் உயரும்போது சதுப்புநிலக் காடுகள் தாக்குப்பிடிக்குமா?

சுங்கை பூலோவில் உள்ள மரங்களுக்குக் கடல்நீர் புதிதல்ல. நாள்தோறும் தண்ணீர் ஏறி வேர்களை மூடும். பிறகு வடியும், சேறு தெரியும். இரண்டையும் தாங்கி வளர்பவைதான் சதுப்புநிலக் காடுகள்.

ஆனால் ஏறிய தண்ணீர் வடியாமலேயே போனால்?

சிங்கப்பூரைச் சுற்றியுள்ள கடல்மட்டம் இந்த நூற்றாண்டின் இறுதிக்குள் 0.23 மீட்டரிலிருந்து 1.15 மீட்டர் வரை உயரக்கூடும். 2024 ஜனவரியில் வெளியான மூன்றாவது தேசியப் பருவநிலை மாற்ற ஆய்வு அவ்வாறு கணித்துள்ளது.

எவ்வளவு காடு மிஞ்சியிருக்கிறது?

19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சிங்கப்பூரில் சுமார் 75 சதுர கிலோமீட்டர் சதுப்புநிலக் காடு இருந்ததாக மதிப்பிடப்படுகிறது. இன்று இருப்பது ஏறத்தாழ அதில் 10இல் 1 பங்குதான்.

இறால் குளங்கள், நிலமீட்பு, ஆற்று முகத்துவாரங்களை அடைத்துக் கட்டிய நீர்த்தேக்கங்கள் எல்லாம் அதற்குக் காரணம். சுங்கை பூலோவிலும் முன்பு இறால் குளங்கள் இருந்தன. 1993இல் அது பூங்காவாகத் திறக்கப்பட்டது. 2002இல் பாதுகாக்கப்பட்ட இயற்கை வனப்பகுதியானது.

கடல் உயர்ந்தால் காடு என்ன செய்யும்?

அதற்கு இரண்டு வழிகள் உண்டு.

ஒன்று, மேலே உயர்வது. தண்ணீரோடு வரும் சேற்றை வேர்கள் பிடித்து வைக்கும். உதிரும் இலைகளும் புதிய வேர்களும் அதில் சேரும். அப்படித் தரை கொஞ்சம் கொஞ்சமாக உயரும்.

இரண்டு, பின்னால் நகர்வது. "மரம் எப்படி நகரும்?" என்று கேட்கலாம். மரம் நகராது, கன்றுகள் நகரும். கடல் பக்கம் மரங்கள் மடியும்போது, நிலத்தின் பக்கம் புதிய கன்றுகள் வேர்விடும்.

எந்த வேகம் வரை சமாளிக்கும்?

உலகெங்கும் 78 இடங்களில் கடந்த 10,000 ஆண்டுகளில் நடந்ததை ஆராய்ந்த ஓர் அனைத்துலக ஆய்வு 2020இல் வெளியானது. நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் ஆய்வாளரும் அதில் பங்கேற்றார்.

கடல்மட்டம் ஆண்டுக்குச் சுமார் 6 மில்லிமீட்டருக்கு மேல் உயர்ந்தால், காடுகளால் ஈடுகொடுக்க முடியாமல் போகும் சாத்தியம் 90 விழுக்காட்டுக்கும் அதிகம் என்பது அதன் முடிவு.

இதை நமது கணிப்போடு வைத்துப் பாருங்கள். நூற்றாண்டின் இறுதிக்குள் 1.15 மீட்டர் என்றால், சராசரியாக ஆண்டுக்கு 10 மில்லிமீட்டருக்கும் மேல். 0.23 மீட்டர் என்றால், 3 மில்லிமீட்டருக்கும் குறைவு. எது நடக்கும் என்பது, உலக நாடுகள் கரிம வெளியேற்றத்தை எவ்வளவு குறைக்கின்றன என்பதையும் பொறுத்தது.

பின்னால் நகர இடம் இருக்கிறதா?

இங்கேதான் சிக்கல். பல இடங்களில் காட்டுக்குப் பின்னால் சாலை, அணை, தொழிற்பேட்டை. முன்னால் உயரும் கடல், பின்னால் கான்கிரீட். இடையில் காடு நசுங்கிப் போகும்.

சேறும் தாராளமாகக் கிடைப்பதில்லை. ஆற்றின் வாயை அணை மறித்தால், மேலிருந்து வரும் மண் நீர்த்தேக்கத்திலேயே தங்கிவிடும்.

அப்படியானால் தடுப்புச்சுவர் வேண்டாமா?

வேண்டாம் என்று சொல்ல முடியாது. சிங்கப்பூரின் நிலப்பரப்பில் சுமார் 30 விழுக்காடு, சராசரிக் கடல்மட்டத்திலிருந்து 5 மீட்டருக்கும் குறைவான உயரத்தில் இருக்கிறது. வீடுகளையும் சாலைகளையும் காக்க வேண்டும்.

ஆனால் சுவரா, காடா என்று ஒன்றை மட்டும் தேர்ந்தெடுக்க வேண்டியதில்லை. புலாவ் தேக்கோங்கின் வடகிழக்கில் கரை அரித்து மரங்கள் சாய்ந்தபோது, தேசியப் பூங்காக் கழகம் இரண்டையும் சேர்த்துச் செய்தது. கரையோரம் தாழ்வாகக் கற்கள் அடுக்கப்பட்டன. அவற்றுக்கு நடுவே கன்றுகள் நடப்பட்டன. கற்கள் அலையின் வேகத்தைக் குறைக்க, கன்றுகளுக்கு வேரூன்ற நேரம் கிடைக்கிறது.

அடுத்து கவனிக்க வேண்டியது என்ன?

2020 முதல் கரையோரப் பாதுகாப்புக்குப் பொறுப்பு வகிக்கும் பொதுப் பயனீட்டுக் கழகம், கரையைப் பகுதி பகுதியாக ஆராய்ந்து வருகிறது. லிம் சூ காங், சுங்கை காடுட் வட்டாரங்களை உள்ளடக்கிய வடமேற்குக் கரையும் அதில் ஒன்று. சுங்கை பூலோவும் மண்டாய் சதுப்புநிலமும் இருப்பது அந்தக் கரையில்தான்.

அங்கு அமையும் தடுப்பு எவ்வளவு உயரம் என்பது மட்டும் கேள்வியல்ல. அது எங்கே அமையும் என்பதும் முக்கியம். காட்டை ஒட்டிக் கட்டினால் கன்றுகளுக்கு இடமிருக்காது. சற்றுத் தள்ளிக் கட்டினால், நாம் இழக்கும் நிலம் கொஞ்சம். காட்டுக்கு அது பிழைக்கும் வழி.