முகக்கவசத்துக்குப் பின்னால் போன பேச்சு

கொரோனா குறித்துத் தொலைக்காட்சியில் வந்த இரண்டு அரசு விளக்கக் கூட்டங்களில் சைகை மொழிபெயர்ப்பாளர் இல்லாதது சட்டவிரோதம் என்று 2021இல் இங்கிலாந்து உயர் நீதிமன்றம் சொன்னது. வழக்குப் போட்டவர், கர்ப்பமாக இருந்த காலத்தில் அந்தத் தகவல்கள் எட்டாமல் தவித்த காது கேளாத பெண். அமெரிக்காவிலும் 2020 செப்டம்பரில் நீதிபதி உத்தரவிட்ட பிறகே வெள்ளை மாளிகை வழிக்கு வந்தது. திரையில் கிடைத்த நீதி மருத்துவமனைக்குள் வரவில்லை என்பதுதான் வேதனை. உதட்டசைவைப் பார்த்துப் பேச்சைப் பிடிப்பவருக்கு, முகக்கவசம் போட்ட மருத்துவர் வாய் திறக்காதவர் மாதிரிதான். சைகை மொழியிலும் கை மட்டும் பேசுவதில்லை. புருவமும் வாயும் சேர்ந்தால்தான் பொருள் முழுமையாகும். கவசத்தின் நாடாவை அவசரமாகக் கழற்றினால், காதில் மாட்டியிருக்கும் கேட்புக் கருவியும் கூடவே கழன்று விழும். துணைக்கு ஆள் கூடாது என்ற விதியால், எடுத்துச் சொல்ல வந்த மகனும் மகளும் வாசலிலேயே நிறுத்தப்பட்டார்கள். அமெரிக்காவின் கென்டக்கியில் கல்லூரி மாணவி ஒருவர், வாய் தெரியும்படி ஒளிபுகும் பிளாஸ்டிக் வைத்துக் கவசம் தைத்துக் கொடுத்தார். ஒரு மாணவிக்குத் தோன்றியது சுகாதாரத் துறைகளுக்கு முன்பே தோன்றியிருக்க வேண்டும். உலகில் 43 கோடிப் பேருக்கு மேல் செவித்திறன் குறைபாட்டுக்கு உதவி தேவைப்படுகிறது. அடுத்த தொற்று வரும் முன், வாய் தெரியும் கவசமும் சைகை மொழிபெயர்ப்பாளரும் ஒவ்வொரு மருத்துவமனையிலும் தயாராக இருக்க வேண்டும்.