அளவறிந்த ஈரலும் அளவிழந்த கட்டியும்

“ஐயா, ஈரற் புற்றுநோய்க் கட்டியிலே கொழுப்பு மாறுபட்டிருக்குமென்று படித்தேன். என் மாமா அந்நோயால் இறந்த நாள்முதல் அம்மா நெய்யைத் தொடுவதில்லை. அவர் செய்வது சரியா?” என்று மாணவனொருவன் அண்மையில் என்னை வினவினான். துயரத்திற் பிறந்த கேள்வியாதலின் ஆறுதலாகவே விடை கூறினேன். அதனை வாசகர்களுக்கும் கூறுகின்றேன்.

உடலின் ஒவ்வொரு கலத்தையும் மெல்லிய சவ்வொன்று போர்த்தியுள்ளது. அது கொழுப்புப் பொருள்களின் இரட்டை அடுக்கு என்பதை 1925ஆம் ஆண்டில் ஒல்லாந்து நாட்டிலே கோட்டர், கிரென்டல் என்னும் இருவர் கண்டனர். அச்சவ்விலே பல இரட்டைப் பிணைப்புகளையுடைய கொழுப்பமிலங்கள் மிகுந்தால் அது இளகும். கொலஸ்திரோல் மிகுந்தால் பெரும்பாலும் இறுகும்.

ஈரல் கொலஸ்திரோலைத் தானே ஆக்கவல்லது. எனினும், உணவின் வழியே அது போதிய அளவு வந்துசேர்ந்தால், தன் ஆக்கத்தைக் குறைத்துக்கொள்ளும். குடம் நிறைந்தபின் கிணற்றடிக்குச் செல்வார் உண்டோ? ஆனால், ஈரற் கட்டி இவ்வளவை அறியாது. அமெரிக்காவிலே சிப்பர்ஸ்டைன், ஃபேகன் ஆகியோர் எலிகளுக்குக் கொலஸ்திரோலை ஊட்டி ஆராய்ந்து, நல்ல ஈரலிலுள்ள இவ்வடக்கம் கட்டியில் அழிந்துவிட்டதென 1964இல் வெளியிட்டனர்.

இதன் விளைவு சவ்வுகளிலே தெரிகின்றது. கலத்துக்குச் சத்தியை ஈட்டித்தரும் இழைமணிகளின் சவ்வில் கொலஸ்திரோல் கூடியிருப்பது பல ஈரற் கட்டிகளிற் காணப்பட்டுள்ளது. அவ்வாறு இறுகிய இழைமணி, கலத்தை மடியச்செய்யும் சைகைக்கு எளிதில் இணங்குவதில்லை. மேலும், ஒட்சிசனால் விரைவிற் கெடும் கொழுப்பமிலங்கள் அங்குக் குறைந்து, ஒலெயிக்கமிலம் போன்றவை மிகுகின்றன. ஆகவே, அவ்வகைத் தாக்குதலையும் கட்டி தாங்கிக்கொள்கின்றது.

இம்மாற்றம் நெய்யினால் வந்ததன்று. அளவு கெட்ட கலம் தானே செய்துகொண்டது. உடல் மிகப் பருத்து ஈரலிற் கொழுப்புப் படிதல் தீதே. அது வேறு செய்தி. ஈரற் புற்றுக்குப் பெருங்காரணங்கள் ஈரலழற்சி ‘பி’, ‘சி’ வைரசுகள், மதுபானம், பூஞ்சணம் பிடித்த நிலக்கடலை முதலியவற்றிலுள்ள நஞ்சு என்பனவாம். தாய்வான் நாடு 1984இல் குழந்தைகளுக்கு ‘பி’ வைரசுத் தடுப்பூசி ஏற்றத் தொடங்கியபின், அங்குச் சிறுவரிடையே இந்நோய் வெகுவாகக் குறைந்தது.

இவற்றைக் கூறியபின், “மாமாவுக்கு ‘பி’ வைரசு இருந்ததா?” என்று கேட்டேன். “இருந்ததென்று வைத்தியர் சொன்னார்” என்றான்.

“அவ்வைரசு பிரசவத்தின்போது தாயிடமிருந்து பிள்ளைக்குத் தொற்றக்கூடியது. மாமாவும் அம்மாவும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள் அல்லவா? நெய்யை அளவோடு உண்ணட்டும். ஆனால், இந்த வாரமே தம் குருதியைச் சோதிப்பித்துக்கொள்ளச் சொல். வைரசு இருப்பின், அதனை அடக்க மருந்துண்டு, இல்லையாயின், தடுப்பூசியுண்டு” என்றேன்.

மறுநாள் அவன் முதலாம் பாடத்துக்கு வரவில்லை. அம்மாவை வைத்தியசாலைக்கு அழைத்துச் சென்றானாம்.