பாதிச் சட்டமும் முழு உழைப்பும்

தொழிற்சங்க மேடையில் முழங்கியவன் சட்டம் செய்யும் மன்றத்திற்குள் நுழைந்தால் என்ன ஆவான்? “நாற்காலி கிடைத்தது, நாக்கு அடங்கிற்று” என்று நகைப்போர் நம் விடுதியிலும் உண்டு. சில இடங்களில் அது உண்மையே. ஆனால் அதையே விதியாக்கிவிடலாமா? ஆகாது என்பதற்குப் பிரேசில் நாட்டுப் பாவ்லோ பாயிமின் பொதுவாழ்வு நல்ல சான்று.

1950ஆம் ஆண்டு, அந்நாட்டின் தென்கோடி மாநிலமான ரியோ கிராண்டி டோ சுல்லில் பிறந்தவர் அவர், கறுப்பினத்தவர், உலோகத் தொழிலாளி. 1980களில் கனோவாஸ் நகர உலோகத் தொழிலாளர் சங்கத்திற்குத் தலைமை தாங்கினார். 1964 முதல் 1985 வரை நீடித்த இராணுவ ஆட்சி முடிந்ததும், புதிய அரசியல் சட்டம் வகுக்க 559 பேர் கூடினர். 1987இல் அச்சபையில் அமர்ந்த மிகச் சில கறுப்பின உறுப்பினருள் பாயிமும் ஒருவர். 1988இல் பிறந்த அச்சட்டம் வார வேலை நேரத்தை 48 மணியிலிருந்து 44 மணியாகக் குறைத்தது, வேலைநிறுத்தத்தை உரிமையாக்கியது.

அத்துடன் அவர் ஓய்ந்தாரில்லை. குறைந்தபட்சக் கூலி நூறு டாலராவது வேண்டும் என்று கீழ்ச்சபையில் விடாது வாதாடினார். 2003இல் செனட் சபை புகுந்தார்; 2010இலும் 2018இலும் மக்கள் அவரை மீண்டும் அனுப்பினர். 2003இன் முதியோர் உரிமைச் சட்டம், 2015இன் மாற்றுத்திறனாளர் உரிமைச் சட்டம் ஆகியவை அவர் தொடங்கிவைத்த முயற்சியின் கனிகள். வார வேலையை 36 மணியாக்க வேண்டுமென்ற திருத்தத்தையும் 2015இல் முன்வைத்தார்.

நண்பர்களே, நான் சிந்திக்க வேண்டுவது இன்னொரு சட்டத்தைப் பற்றி. இனச் சமத்துவச் சட்டத்தை அவர் முன்மொழிந்தது 2000இல். அது நிறைவேறியது 2010இல். பத்தாண்டுக் காத்திருப்பின் முடிவில் கிடைத்தது என்ன? இட ஒதுக்கீட்டுப் பகுதிகள் வெட்டப்பட்ட சட்டம்! கறுப்பின இயக்கத்தார் பலர் சினந்தனர். உயிர் நீக்கிய உடல் எதற்கு என்று கேட்பதில் நியாயம் இல்லையா? உண்டு. ஆயினும் பாயிம் அதை ஏற்றார்.

ஏற்றது சரியென்பதே என் கருத்து. 1888இல்தான் அடிமை முறையை ஒழித்த நாடு அது. அங்கே இன ஏற்றத்தாழ்வு உண்டென்றும், அதை நீக்குவது அரசின் கடமையென்றும் சட்டமே ஒப்புக்கொள்வது சிறு செய்தியன்று. மறுத்திருந்தால் வெட்டப்பட்ட பகுதி திரும்பி வந்திருக்குமா? வெறுங்கைதான் மிஞ்சியிருக்கும்.

2012 ஏப்ரலில் பல்கலைக்கழக இன ஒதுக்கீடு செல்லுமென்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. அதே ஆண்டு ஆகஸ்டில், மத்திய பல்கலைக்கழக இடங்களில் பாதியை அரசுப் பள்ளி மாணவர்க்கும், அதனுள் ஒரு பங்கைக் கறுப்பினத்தார், கலப்பினத்தார், பழங்குடியினர்க்கும் ஒதுக்கும் சட்டம் வந்தது. 2010இன் பாதிச் சட்டமே இதை ஈன்றது என்று நான் சொல்லமாட்டேன். இயக்கத்தாரின் நெடும் போராட்டம் இல்லையேல் இதுவும் இல்லை. அவர்கள் சினம் அடங்காதிருந்ததால்தான் விடுபட்ட பகுதி மறக்கப்படவில்லை.

ஆகவே, கிடைத்ததைப் பற்றிக்கொள்ளும் கையும் வேண்டும்; கிடைக்காததைக் கேட்கும் குரலும் வேண்டும். முன்னதைத் துரோகம் என்பதும், பின்னதைப் பிடிவாதம் என்பதும் அறியாமை. 2023இல் ஒதுக்கீட்டுச் சட்டம் திருத்தப்பட்டபோது, செனட்டில் அதை ஆய்ந்து அறிக்கை அளித்தவர் அதே பாயிம்தான்!

முழக்கம் ஒரு மாலையில் முடியும். சட்டம் செய்ய ஆண்டுகள் பல வேண்டும். படித்த நாம் மனு எழுதுவதையும், விதி படிப்பதையும், குழுவில் அமர்ந்து வாதாடுவதையும் இழிவென்று எண்ணலாமா? எண்ணினால், அந்த நாற்காலிகளில் நமக்காகப் பேசாதோரே அமர்வர்.