விரிவுரை இணையத்தில் உண்டு. விடை சொல்ல ஆள் உண்டா?

உலகின் தலைசிறந்த பல்கலைக்கழகங்களின் விரிவுரைகளை ஒரு சதமும் செலவின்றிக் கேட்கக்கூடிய காலத்தில் நாம் வாழ்கின்றோம். அமெரிக்காவின் எம்.ஐ.ரி. நிறுவனம் தனது பாடநெறிகளை இணையத்தில் அனைவருக்கும் திறந்துவிடப் போவதாக 2001 ஆம் ஆண்டு அறிவித்தது. மறு ஆண்டே முதற்றொகுதிப் பாடநெறிகள் வெளிவந்தன. இந்தியாவின் ஐ.ஐ.ரி. நிறுவனங்களும் பெங்களூர் இந்திய அறிவியற் கழகமும் இணைந்து 2003 இல் தொடங்கிய என்.பி.ரி.ஈ.எல். திட்டம் பொறியியல், அறிவியற் பாடங்களை ஒளிப்பதிவுகளாக வழங்கி வருகின்றது. அவ்வாறாயின் யாழ்ப்பாணத்திலும் வவுனியாவிலும் மட்டக்களப்பிலும் பயிலும் பல்கலைக்கழக மாணவருக்கு இனி என்ன குறை என்று புலம்பெயர் நாடுகளில் வாழும் எம்மவர் பலர் கேட்கின்றனர்.

இக்கேள்வி நியாயமானதே. ஆயினும் பாடப்பொருள் கையில் இருப்பது வேறு, கற்பிக்கப்படுவது வேறு. மாணவர் எழுதியதைப் படித்து, "இந்த மூன்றாவது வரியில் நீர் தவறியிருக்கிறீர்" என்று சுட்டிக்காட்ட ஒருவர் இருக்கும்போதே கற்பித்தல் நிறைவடைகின்றது. எமது தாயகப் பல்கலைக்கழகங்களில் இன்று மிகுந்த தட்டுப்பாடு நிலவுவது அந்த ஒருவருக்கே. அந்த இடத்தை இணையத்தின் துணையோடு நிரப்பக்கூடியவர்கள் புலம்பெயர்ந்த தமிழ்ப் பட்டதாரிகள் என்பதே இத்தலையங்கம் வலியுறுத்தும் கருத்தாகும்.

தொலைக்கல்வியின் வரலாறும் இதனையே உணர்த்துகின்றது. பிரித்தானியாவின் திறந்த பல்கலைக்கழகம் 1969 இல் நிறுவப்பட்டு 1971 இல் முதல் மாணவர்களுக்குக் கற்பிக்கத் தொடங்கியது. பிபிசி தொலைக்காட்சியிலும் வானொலியிலும் ஒலிபரப்பான அதன் பாடங்களே வெளியுலகின் கண்ணுக்குத் தெரிந்தன. ஆனால் அதனைத் தாங்கி நின்றவர்கள், மாணவர் அனுப்பும் ஒப்படைகளைத் திருத்திக் குறிப்பெழுதித் திருப்பி அனுப்பிய துணையாசிரியர்கள். மாறாக, 2011 ஆம் ஆண்டின் இறுதியில் செபாஸ்ரியன் துருன், பீற்றர் நோர்விக் ஆகியோர் ஸ்ரன்ஃபோர்ட் பல்கலைக்கழகத்திலிருந்து செயற்கை நுண்ணறிவுப் பாடநெறி ஒன்றை இணையத்தில் இலவசமாக நடத்தியபோது ஏறத்தாழ 1,60,000 பேர் பதிவு செய்தனர். அதனை முடித்தவர்களோ ஏறத்தாழ 23,000 பேர் மட்டுமே. பாடம் அனைவருக்கும் ஒன்றாகவே இருந்தது. ஆனால் தடுமாறி நின்ற ஒவ்வொருவரிடமும் சென்று என்ன இடர்ப்பாடு என்று கேட்பதற்கு அங்கு எவரும் இருக்கவில்லை.

எமது மாணவரின் நிலை இன்னும் ஒரு படி கடினமானது. உயர்தரம் வரை தமிழ் மொழியில் கற்று, 'சடத்துவத் திருப்பம்' என்றும் 'வகையீடு' என்றும் தெளிவாக விளங்கிக்கொண்ட ஒரு மாணவி, பொறியியல், மருத்துவ, விஞ்ஞான பீடங்களுள் நுழைந்த முதல் வாரத்திலேயே அனைத்தையும் ஆங்கிலத்தில் கேட்க நேர்கின்றது. அவளுக்குப் பாடம் தெரியும். பாடத்தின் புதிய பெயர்தான் தெரியாது. வகுப்பில் எழுந்து ஆங்கிலத்தில் வினா எழுப்பத் தயங்கி மௌனமாகின்றாள். எம்.ஐ.ரி. விரிவுரையைத் தரவிறக்கிக் கொடுத்தாலும் அந்த மௌனம் கலையப் போவதில்லை. ஐயத்தைத் தமிழில் கேட்டு, விடையைத் தமிழில் விளங்கி, பின்னர் அதனையே ஆங்கிலத்தில் எழுதிப் பழக ஒரு துணை கிடைத்தால், முதலாம் ஆண்டின் தடுமாற்றம் பெருமளவு குறையும்.

இதற்கு வேண்டிய தொழில்நுட்பம் ஏற்கனவே அங்கு உள்ளது. மேற்கு அவுஸ்திரேலியாவின் பாலைவனப் பகுதியில் வானொலி வழியே பாடங் கேட்டு வளர்ந்த மார்ட்டின் டூஜியாமஸ் என்பவர் உருவாக்கி 2002 இல் வெளியிட்ட 'மூடில்' என்னும் கட்டற்ற மென்பொருளை இலங்கைப் பல்கலைக்கழகங்கள் பல பயன்படுத்தி வருகின்றன. பாடக்குறிப்புகளை இடவும், ஒப்படைகளைப் பெற்றுத் திருத்தவும், வினாவிடை நடத்தவும் அதில் வசதியுண்டு. பல்கலைக்கழகங்களை இணைக்கும் 'லேர்ண்' என்னும் கல்வி ஆய்வு வலையமைப்பும் அங்குண்டு. 2020 ஆம் ஆண்டு கொரோனாப் பெருந்தொற்றால் பல்கலைக்கழகங்கள் மூடப்பட்டபோது அவ்வலையமைப்பின் ஊடாகவே 'சூம்' வகுப்புகள் நடைபெற்றன. மாணவர்கள் தரவுக் கட்டணமின்றி அவற்றை அணுகவும் ஏற்பாடு செய்யப்பட்டது.

ஆனால் 2022 ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடி வேறொரு காயத்தை ஏற்படுத்தியது. அந்த ஆண்டு மார்ச் மாத இறுதியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்சாரம் துண்டிக்கப்பட்டதை நாம் அறிவோம். மின்சாரம் திரும்பி வந்தது. நெருக்கடியைத் தொடர்ந்து நாட்டை விட்டு வெளியேறிய விரிவுரையாளர்களில் பலர் திரும்பவில்லை. எஞ்சியிருப்போர் மீது சுமை கூடியுள்ளது. பெரிய வகுப்பொன்றின் ஒப்படைகளை ஒருவரே திருத்தும்போது, மதிப்பெண்ணுக்கு அப்பால் ஒரு வரி குறிப்பெழுதவும் அவருக்கு நேரம் கிடைப்பதில்லை.

எனவே புலம்பெயர்ந்தோர் செய்யக்கூடியது என்ன? முதலாவதாக, பாடத்தை நடத்துபவர் அங்குள்ள விரிவுரையாளரே என்பதை நாம் மறத்தலாகாது. எந்த அலகில் உதவி தேவை, எவ்வளவு தேவை என்பதை அவரே கூறவேண்டும். நாம் அவருக்குக் கீழ்ப்பட்ட துணையாசிரியர்கள். அவர் அழைக்காத இடத்தில் எமது வெளிநாட்டு அனுபவத்தைப் பறைசாற்றுவது உதவியாகாது.

இரண்டாவதாக, ஆண்டுக்கொருமுறை நடத்தும் சிறப்புரையைக் காட்டிலும் வாரந்தோறும் தவறாது கிடைக்கும் ஒரு மணித்தியாலமே மாணவருக்குப் பயன்தரும். ஒரு பல்கலைக்கழகப் பருவம் ஏறத்தாழ 15 வாரங்கள். இருபது பேர் வாரம் ஒரு மணித்தியாலம் ஒதுக்கினால் ஒரு பருவத்தில் 300 மணித்தியாலக் கற்பித்தற் துணை கிடைக்கும். நேர வேறுபாடும் பெருந்தடையன்று. யாழ்ப்பாணத்தில் சனிக்கிழமை மாலை 7 மணியாகும்போது, குளிர்காலத்தில் இலண்டனில் பிற்பகல் 1.30, ரொறன்ரோவில் காலை 8.30. சிட்னியில் அது நள்ளிரவு கடந்த நேரம் என்பதால் அங்குள்ளோர் யாழ்ப்பாணத்தின் காலை வேளையைத் தெரிந்துகொள்ளலாம். ஒப்படை திருத்துவதற்கோ இந்தக் கணக்கும் தேவையில்லை. அவரவர்க்கு வசதியான நேரத்தில் செய்யலாம்.

மூன்றாவதாக, மாணவரின் கைப்பேசியையும் பணப்பையையும் மனதிற்கொண்டு ஊடகத்தைத் தெரிவு செய்ய வேண்டும். நொடிக்கு 500 கிலோபிட் அளவில் அமைந்த ஒரு மணித்தியால ஒளிப்பதிவு 225 மெகாபைட் தரவை விழுங்கும். நொடிக்கு 64 கிலோபிட் ஒலிப்பதிவுக்கு 29 மெகாபைட் போதும். கையால் எழுதிய விளக்கத்தைப் படமெடுத்து, அதனுடன் ஒலிப்பதிவு ஒன்றை இணைத்து மூடிலில் இட்டால், கிராமத்தில் வாழும் மாணவரும் அதனைப் பலமுறை திருப்பிக் கேட்கலாம்.

கணனித்துறையில் பணியாற்றுவோர் இன்னும் ஒன்று செய்யலாம். தொழிலிடத்தில் சக பணியாளரின் நிரல்களை வாசித்துக் குறை நிறை கூறுவது எமக்கு அன்றாட வேலை. இறுதியாண்டு மாணவரின் செயற்றிட்ட நிரல்களையும் அவ்வாறே வாசித்துக் குறிப்பெழுதலாம். பட்டம் பெறுமுன்னரே தொழிலுலகின் எதிர்பார்ப்பை அம்மாணவர் அறிந்துகொள்வார்.

2022 ஆம் ஆண்டின் இறுதியில் சற்ஜிபிரி வெளிவந்த பின்னர், மனிதத் துணை எதற்கு என்று இளையோர் சிலர் வினவக்கூடும். அத்தகைய கருவிகள் பயனுள்ளவை. தமிழிலும் விடை தருகின்றன. எனினும் அவை தவறான விடையையும் அதே உறுதியோடு கூறுவதுண்டு. அடிப்படை தெரியாத முதலாமாண்டு மாணவரால் அத்தவறை இனங்காண முடியாது. மேலும், சென்ற வாரம் வினா அனுப்பிய மாணவி இவ்வாரம் ஏன் எதுவும் அனுப்பவில்லை என்று அக்கறையோடு விசாரிப்பது மனிதர் செய்யும் வேலை. இடைநடுவில் படிப்பைக் கைவிட எண்ணும் ஒருவரைப் பல வேளைகளில் அந்த விசாரிப்பே தடுத்து நிறுத்துகின்றது.

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். தாயகத்துக்குப் பணம் அனுப்பும் பழக்கம் எம்மிடம் வேரூன்றியுள்ளது, அது தொடரவேண்டும். அதனோடு உங்கள் பிள்ளைகளின் நேரத்திலும் ஒரு சிறு பங்கினைக் கொடுக்க ஊக்குவியுங்கள். கனடாவிலோ ஐரோப்பாவிலோ பொறியியல் பயிலும் மகனுக்குத் தமிழ் சரளமாக வராது என்று தயங்க வேண்டாம். அங்குள்ள மாணவிக்கு ஆங்கிலம் சரளமாக வராது. இருவரும் ஒரே கணக்கின் முன் அமரும்போது ஒருவர் குறையை மற்றவர் நிரப்புவார். தாயகம் என்பது பெற்றோரின் கதைகளில் மட்டும் வாழும் இடமாக இல்லாமல், வாரந்தோறும் தன் விடைக்காகக் காத்திருக்கும் ஒரு சகோதரியின் பெயராக அவனுக்கு அறிமுகமாகும்.

இளையோரே, உங்களிடம் பட்டம் இருக்கின்றது, இணைய இணைப்பு இருக்கின்றது, வாரத்தில் ஒரு மணித்தியாலமும் நிச்சயமாக இருக்கின்றது. நீங்கள் கற்ற பாடங்களில் உங்களுக்கு மிகவும் கைவந்த ஒன்றைத் தெரிவு செய்யுங்கள். தாயகப் பல்கலைக்கழகம் ஒன்றில் அப்பாடத்தைக் கற்பிக்கும் விரிவுரையாளருக்கு, அடுத்த பருவம் தொடங்குமுன் பணிவுடன் ஒரு மின்னஞ்சல் எழுதுங்கள். "நான் திருத்தித் தரக்கூடிய ஒப்படைகள் உங்களிடம் உள்ளனவா?" என்ற ஒரு வரி போதும். அவர் ஆம் என்றால், 15 வாரங்களும் தவறாது அதனைச் செய்து முடியுங்கள்.