இரண்டாவது வண்டிக்கு முதல் கேள்வி

முதல் வண்டியைத் தேவை வாங்க வைக்கிறது. இரண்டாவது வண்டியை ஆசை வாங்க வைக்கிறது. முதல் வண்டி விஷயத்தில் நாம் படு கறார். லிட்டருக்கு எத்தனை கிலோ மீட்டர், மழையில் ஒரே உதையில் கிளம்புமா, பின்னால் ஆள் உட்கார்ந்தால் இழுக்குமா என்று துருவித் துருவிக் கேட்கிறோம். இரண்டாவது வண்டி விஷயத்தில் ஒன்றும் கேட்பதில்லை. அதன் படத்தைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறோம், அவ்வளவுதான்.

அந்தப் படத்தில் இப்போது அதிகம் தென்படுவது பழைய பாணி மோட்டார் சைக்கிள். வட்டமான ஹெட்லைட், உருண்டு திரண்ட பெட்ரோல் டேங்க், தட்டையான சீட், பளபளக்கும் குரோம். அதோடு ஒரு இத்தாலியப் பெயரும் சேர்ந்துவிட்டால் மயக்கம் முழுமை பெறுகிறது.

நாக்பூரில் வங்கி அதிகாரியாக இருக்கும் நண்பர் ஒருவர் இந்த மயக்கத்தில் இருக்கிறார். வயது 50ஐத் தாண்டிவிட்டது. மகளின் படிப்பு முடிந்துவிட்டது. ஆபீஸ் போக 110 சிசி வண்டி ஒன்று ஒழுங்காக ஓடிக்கொண்டிருக்கிறது. "புல்லட் தெருவுக்கு நாலு நிற்கிறது. வித்தியாசமாக ஒன்று வாங்கலாமே" என்கிறார். அவர் மனைவி ஒரே ஒரு கேள்விதான் கேட்டாராம்: "உட்காரப் போவது ஒரு ஆள். வண்டி எதற்கு இரண்டு?"

"ஆசைக்கு" என்று பதில் சொல்வதில் தப்பில்லை. ஆனால் ஆசைப்படுகிறவர் தெரிந்துகொள்ள வேண்டிய சில சமாச்சாரங்கள் இருக்கின்றன.

முதலாவது, இத்தாலிய வண்டி என்றால் என்ன? பெனெல்லியை எடுத்துக்கொள்ளுங்கள். 1911இல் பெசாரோ நகரில், தெரேசா பெனெல்லி என்ற தாய் தன் ஆறு மகன்களுக்குப் பிழைப்பாக அமைத்துக்கொடுத்த பட்டறையிலிருந்து வளர்ந்த கம்பெனி. 2005இல் சீனாவின் சியான்ஜியாங் நிறுவனம் அதை வாங்கிவிட்டது. 2019இல் இந்தியாவுக்கு வந்த இம்பீரியாலே 400, தெலங்கானாவில் பாகங்களைப் பூட்டி விற்கப்பட்டது. அறிமுக விலை 1.69 லட்சம் ரூபாய். பெயர் 1950களின் 'மோட்டோபி' வண்டிகளிடமிருந்து எடுத்தது. ஆனால் மோட்டோபியின் அடையாளமே முட்டை வடிவில் படுத்திருக்கும் எஞ்சின்தான். இம்பீரியாலேயின் எஞ்சின் நம் புல்லட் போல நிமிர்ந்து நிற்கிறது. பெயர் இத்தாலியில் பிறந்தது, பணம் சீனாவுடையது, சாயல் திருவொற்றியூருடையது என்று சொன்னால் மிகையில்லை.

டுகாட்டி ஸ்க்ராம்ப்ளரின் கதை வேறு. 1960களில் அமெரிக்க இறக்குமதியாளருக்காகச் செய்த ஒற்றை சிலிண்டர் வண்டியின் பெயர் அது. 2014இல் அதே பெயரில் புது வண்டி வந்தது. 803 சிசி, இரட்டை சிலிண்டர். கம்பெனி இருப்பது போலோன்யாவில். அதன் சொந்தக்காரர் 2012இலிருந்து ஜெர்மனியின் ஆடி. 2015இல் இங்கே விற்பனைக்கு வந்த ஸ்க்ராம்ப்ளர்கள் தாய்லாந்துத் தொழிற்சாலையில் தயாரானவை. அப்போது விலை 6.78 லட்சத்தில் தொடங்கியது.

மூன்றாவது மோட்டோ குஸ்ஸி. முதல் உலகப் போரில் இத்தாலியக் கடற்படையின் விமானப் பிரிவில் சேர்ந்திருந்த மூன்று நண்பர்கள், போர் முடிந்ததும் மோட்டார் சைக்கிள் செய்வது என்று முடிவெடுத்தார்கள். அவர்களில் ஒருவரான ஜியோவானி ராவெல்லி 1919இல் விமான விபத்தில் இறந்துபோனார். மற்ற இருவர், கார்லோ குஸ்ஸியும் ஜார்ஜியோ பரோடியும், 1921இல் கம்பெனியைத் தொடங்கினார்கள். இறந்த விமானியின் நினைவாகத்தான் டேங்கில் சிறகு விரித்த கழுகு. கோமோ ஏரிக்கரையில் உள்ள மாண்டெல்லோ என்ற சிற்றூரில் அன்று தொடங்கிய தொழிற்சாலையில்தான் நூறாண்டு தாண்டியும் குஸ்ஸி தயாராகிறது. 2004இல் கம்பெனி பியாஜியோ கைக்குப் போனது. நம் ஊர் ஆட்டோக்களையும் வெஸ்பாவையும் பாராமதியில் செய்கிற அதே பியாஜியோதான். ஆக, மூன்றில் ஊரும் உரிமையும் இத்தாலியிலேயே இருப்பது இது ஒன்றுதான்.

இப்படிச் சொல்வதால் மற்ற இரண்டும் போலி என்று அர்த்தமில்லை. நாம் 'நம்முடையது' என்று கொண்டாடுகிற வண்டிகளின் ஜாதகத்தைப் பார்த்தால் தெரியும். புல்லட் இங்கிலாந்தில் பிறந்தது. 1955இல் சென்னைக்கு வந்தது. ஜாவா செக் நாட்டுச் சரக்கு. மைசூரில் வளர்ந்து யெஸ்டி ஆனது. ராஜ்தூத்தின் மூலம் போலந்து. இத்தாலி நமக்கு அறிமுகமானது ஸ்கூட்டராக. பஜாஜ் செய்த வெஸ்பா ஒன்று. லாம்ப்ரெட்டா இன்னொன்று. இத்தாலியில் லாம்ப்ரெட்டா தொழிற்சாலை மூடப்பட்டபோது அதன் இயந்திரங்களையே 1972இல் இந்திய அரசு நிறுவனம் வாங்கி லக்னோவுக்குக் கொண்டுவந்தது. அதில் உருவானதுதான் விஜய் சூப்பர்.

இந்த வண்டிகளை நம்முடையவையாக ஆக்கியது பெயரோ பிறந்த ஊரோ அல்ல. வேப்பமரத்தடியில் ஒரு பெட்டி ஸ்பேனருடன் உட்கார்ந்திருந்த மெக்கானிக். தில்லி கரோல் பாகிலும் சென்னை புதுப்பேட்டையிலும் எந்த பாகத்தைக் கேட்டாலும் எடுத்துப் போட்ட கடைக்காரர். கிளட்ச் கேபிள் அறுந்தால் அரை மணி நேரத்தில் மாற்றிக்கொண்டு கிளம்பலாம் என்ற தைரியம். அந்த தைரியத்துக்குத்தான் நாம் பழமை என்று பெயர் வைத்திருக்கிறோம். ஷோரூமில் விற்கிற பழைய பாணியில் தோற்றம் உண்டு. அந்த தைரியம் சேர்ந்து வருவதில்லை.

எனவே இரண்டாவது வண்டிக்கு முதல் கேள்வி: இதைப் பிரித்து மாட்டப் போவது யார்?

டுகாட்டியின் எஞ்சினில் வால்வுகளை மூடுவதற்கு ஸ்பிரிங் கிடையாது. திறப்பதும் மூடுவதும் கேம் வேலை. 'டெஸ்மோ' என்று பெயர். ஃபாபியோ தாலியோனி என்ற எஞ்சினியர் 1956இல் டுகாட்டிக்குக் கொண்டுவந்த ஏற்பாடு. பந்தயத்தில் அற்புதமாக வேலை செய்தது. ஆனால் அதன் இடைவெளியைச் சரிபார்க்கப் பயிற்சி பெற்ற கை வேண்டும். கேமைச் சுற்றும் பல் வைத்த ரப்பர் பெல்ட்டையும் குறிப்பிட்ட ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்றியாக வேண்டும். வண்டி ஓடியதா, வெறுமனே நின்றதா என்பது பெல்ட்டுக்குக் கவலையில்லை. ஞாயிற்றுக்கிழமை வண்டிக்காரர்கள் இதை முதலிலேயே கணக்கில் எழுதிக்கொள்ள வேண்டும்.

குஸ்ஸியின் சங்கதி சுவாரஸ்யமானது. அதன் இரண்டு சிலிண்டர்களும் வி வடிவில், டேங்கின் இரு பக்கமும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். பார்ப்பவர்கள் அதை அலங்காரம் என்று நினைக்கலாம். உண்மையில் அது சிக்கனம். ஜூலியோ செசாரே கார்கானோ என்ற எஞ்சினியர் வடிவமைத்த இந்த எஞ்சினுடன் முதல் வி7 1965இல் மிலான் கண்காட்சியில் நின்றபோது, அதன் முக்கிய வாடிக்கையாளர் இத்தாலியப் போலீஸ். குறைந்த பராமரிப்பில் நெடுங்காலம் உழைக்கிற வண்டி அவர்களுக்குத் தேவைப்பட்டது. சிலிண்டர் வெளியே இருந்தால் காற்று நன்றாகப் படும். ராக்கர் மூடியைக் கழற்றினால் டேப்பெட் கண் முன்னே. ஒரு ஸ்பேனரும் ஃபீலர் கேஜும் போதும். பின் சக்கரத்துக்கு செயின் இல்லை, ஷாஃப்ட். எண்ணெய் விடுவது, இறுக்குவது என்ற தொல்லை இல்லை. லாஸ் ஏஞ்சலிஸ் போலீசும் இதை விரும்பி வாங்க, 'கலிஃபோர்னியா' என்ற மாடலே பிறந்தது.

2021இல் வந்த வி7இன் எஞ்சின் 853 சிசி, 65 குதிரைச் சக்தி. ஆனால் அமைப்பு அதே. நின்ற இடத்தில் ஆக்சிலேட்டரைத் திருகினால் வண்டி லேசாக வலப்பக்கம் சாய்ந்து குலுங்கும். அது கோளாறு அல்ல, எஞ்சின் அந்தத் திசையில் பொருத்தப்பட்டிருப்பதன் விளைவு. இந்த வண்டியின் பழமை வேடம் அல்ல, உடம்பு. மூன்றில் எதற்கு மனம் இளகுகிறது என்று கேட்டால் இதற்குத்தான் என்று தயங்காமல் சொல்வேன்.

மனம் இளகுவது வேறு, செக் எழுதுவது வேறு. 2016இல் பியாஜியோ குஸ்ஸியின் வி9 வண்டிகளை இங்கே கொண்டுவந்தபோது விலை 13 லட்சத்தைத் தாண்டியது. வாங்கியவர்கள் சொற்பம். வாங்கியவர் சொற்பம் என்றால் மெக்கானிக்கும் சொற்பம், உதிரி பாகமும் சொற்பம். டேப்பெட்டை நீங்களே பார்த்துக்கொள்ளலாம். ஏபிஎஸ் விளக்கு எரிந்தால் கம்ப்யூட்டரை இணைத்துத்தான் பார்க்க வேண்டும். பிரேக் லீவர் உடைந்தால் கடல் தாண்டி வர வேண்டும்.

வரியும் கைகொடுக்காது. முழு வண்டியாக இறக்குமதியாகும் 1600 சிசி வரையிலான மோட்டார் சைக்கிள்களுக்கு 2025 பட்ஜெட்டில் சுங்க வரி 50 சதவீதத்திலிருந்து 40ஆகக் குறைந்தது. சந்தோஷப்படுவதற்குள் அதே ஆண்டு செப்டம்பர் 22 முதல் 350 சிசிக்கு மேற்பட்ட வண்டிகளின் ஜிஎஸ்டி 40 சதவீதமானது. 350 வரை உள்ளவற்றுக்கோ 28இலிருந்து 18ஆகக் குறைந்தது. 374 சிசி இம்பீரியாலே வெறும் 24 சிசியால் கோட்டுக்கு அந்தப் பக்கம் விழுந்தது!

அடுத்தது, நின்றுகொண்டே இருக்கும் வண்டிக்கு வரும் நோய்கள். சில வாரம் தொடாவிட்டால் பேட்டரி இறங்கும். பெட்ரோலில் கலந்திருக்கும் எத்தனால் காற்றின் ஈரத்தை இழுக்கும். அரை டேங்கோடு மழைக்காலம் முழுக்க நிறுத்தினால் டேங்கின் உட்புறம் துருப்பிடிக்கும். பிரேக் ஆயிலும் ஈரம் இழுக்கும் வஸ்துதான். இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். டயர் தேயாவிட்டாலும் கிழடு தட்டும். மோட்டார் சைக்கிளைக் கெடுப்பதில் ஓட்டத்தைவிட ஓய்வுக்குத்தான் பங்கு அதிகம். மாதம் 200 கிலோ மீட்டர்கூட ஓட்ட நேரம் இல்லாதவர் வாங்குவது வண்டி அல்ல, விலை உயர்ந்த பராமரிப்பு வேலை.

நண்பரைப் போல மாற்றலாகும் உத்தியோகம் என்றால் இன்னொரு தலைவலி. மாநிலம் மாறி 12 மாதத்துக்கு மேல் தங்கினால் மறுபதிவு, புது இடத்தில் சாலை வரி, பழைய இடத்தில் கட்டியதைத் திரும்பப் பெற அலைச்சல். வரி வண்டியின் விலையைப் பொறுத்தது என்பதால், 13 லட்ச ரூபாய் வண்டியோடு மாற்றலாகிப் போவது கிட்டத்தட்ட இன்னொரு வண்டி வாங்குவது மாதிரி.

பிறகு என்னதான் செய்வது? நண்பருக்குச் சொன்னதையே இங்கும் சொல்கிறேன். உங்கள் ஊரிலிருந்து ஒரே பகலில் ஓட்டிப் போய்ச் சேரும் தூரத்தில், அந்தக் கம்பெனி வண்டியைப் பிரிக்கத் தெரிந்த பட்டறை இருக்கிறதா என்று விசாரியுங்கள். ஷோரூம் அல்ல, பட்டறை. அங்கே போய், சென்ற ஆண்டு எந்த பாகத்துக்காக எத்தனை நாள் காத்திருந்தார்கள் என்று ஏற்கெனவே வாங்கியவர்களிடம் கேளுங்கள். பதில் வாரக் கணக்கில் வந்தால் பொறுத்துக்கொள்ளலாம், இரண்டாவது வண்டிதானே. மாதக் கணக்கில் வந்தால் விட்டுவிடுங்கள். அடுத்து, வண்டியை ஓட்டிப் பார்ப்பதற்கு முன் தள்ளிப் பாருங்கள். வி7இன் எடை 218 கிலோ. உங்கள் அடுக்குமாடிக் கட்டடத்தின் சரிவில் அதைப் பின்னோக்கித் தள்ளி ஏற்ற முடியுமா என்பதை 50 வயது முழங்கால்தான் தீர்மானிக்க வேண்டும்.

இரண்டுக்கும் பதில் சாதகமாக இருந்தால் தாராளமாக வாங்குங்கள். 60 கிலோ மீட்டர் வேகத்தில் போகும்போதும் சந்தோஷம் தருகிற வண்டிகள் இவை. அதற்கு மேல் போக நம் சாலைகளும் விடுவதில்லை. பதில் பாதகமாக இருந்தால், அதே பணத்தில் பத்தில் ஒரு பங்கைச் செலவழித்து, ஏதாவது ஒரு வீட்டின் பின்புறத்தில் சாக்கு போர்த்தி நிற்கும் விஜய் சூப்பரைத் தேடிப் பிடியுங்கள். அதுவும் இத்தாலிதான். அதைப் பிரித்து மாட்டத் தெரிந்த பெரியவர் உங்கள் ஊரிலேயே இருப்பார்; அவர் இருக்கும்போதே போய்க் கற்றுக்கொள்வது புத்திசாலித்தனம்.