ஒயின் மருந்து இல்லைங்க: மால்டோவா பாட்டிலும் நம்ம ஊர் குவார்ட்டரும்

1/ போன மாதம் ஓபியில் ஒருத்தர் வந்தார். அடையாளம் மாற்றிச் சொல்றேன்: ஆலங்குடி பக்கம், கொத்தனார் வேலை, வயசு 40 சொச்சம். கண்ணெல்லாம் மஞ்சள், வயிற்றில் நீர் கோர்த்திருக்கு. "இனிமே ஒரு சொட்டு கூடாது"ன்னு சொல்லி அட்மிஷன் போட்டேன். அவர் தயங்கித் தயங்கிக் கேட்டார்: "சார், ஒயின் மட்டும் குடிச்சுக்கலாமா? ஹார்ட்டுக்கு நல்லதாமே. டாக்டருங்களே குடிக்கிறீங்களாமே."

2/ எனக்குக் கோபம் வரல, வெட்கம் வந்துச்சு. ரெண்டு வாரம் முன்னாடிதான் மால்டோவாவில் எம்பிபிஎஸ் முடிச்சு வந்த ஒரு தம்பி ரெட் ஒயின் பாட்டில் கொண்டு வந்தான். நாலு டாக்டருங்க கிளாஸோட போட்டோ எடுத்து, "ஹார்ட்டுக்கு நல்லது"ன்னு வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ் வெச்சேன். அதை எத்தனை பேர் பார்த்தாங்களோ. இந்தப் பொய்யைப் பரப்பினதில் எனக்கும் பங்கு இருக்கு. அதுக்குத்தான் இந்தப் பதிவு.

3/ மால்டோவா எங்க இருக்குன்னு பல பேருக்குத் தெரியாது. ருமேனியாவுக்கும் உக்ரைனுக்கும் நடுவில் இருக்கிற நாடு. தமிழ்நாட்டில் கால்வாசிதான் பரப்பளவு. ஆனா ஒயினில் பெரிய கை. மிலேஸ்டி மிச் என்ற ஊரில் பழைய சுண்ணாம்புக்கல் சுரங்கத்தையே ஒயின் கிடங்கா மாத்தியிருக்காங்க. சுரங்கப் பாதை மட்டும் சுமார் 200 கிலோமீட்டர். 15 லட்சம் பாட்டிலோட 2005-ல் கின்னஸ் சாதனை. ரஷ்யா 2006-ல் இவங்க ஒயினுக்குத் தடை போட்டப்போ நாட்டுப் பொருளாதாரமே ஆடிப்போச்சு.

4/ இதெல்லாம் சுற்றுலா விளம்பரத்தில் வரும். வராத கணக்கு ஒண்ணு இருக்கு. 2011-ல் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட மது அறிக்கையில், தலைக்கு அதிகம் குடிக்கிற நாடு இதே மால்டோவா. வருஷத்துக்கு ஒரு ஆளுக்கு சுமார் 18 லிட்டர் சுத்த ஆல்கஹால். கல்லீரல் சுருக்க நோயால் சாகிறவங்க விகிதம் ஐரோப்பாவிலேயே அதிகமா இருக்கிற நாடுகளில் இதுவும் ஒண்ணு.

5/ "டாஸ்மாக் சரக்கு கெமிக்கல் சார், ஒயின் நேச்சுரல்"னு சொல்றவங்களுக்குப் பதில் இந்த நாடுதான். அங்கே கிராமத்தில் சொந்தத் தோட்டத்துத் திராட்சையை வீட்டிலேயே புளிக்க வெச்சு ஒயின் போடுறாங்க. கலப்படம் இல்ல, கலர் பவுடர் இல்ல. பீரும் வோட்காவும் குடிக்கிறாங்கதான். ஆனா அந்த 18 லிட்டரில் வீட்டு ஒயினுக்குப் பெரிய பங்கு உண்டு. இயற்கையான ஒயின் கல்லீரலைக் காப்பாத்தும்னா, மொதல்ல அவங்களைக் காப்பாத்தியிருக்கணும்.

6/ இப்போ கணக்குப் போடுவோம். ஒரு குவார்ட்டர் பிராந்தி 180 மில்லி, 42.8 சதவீதம். அதில் ஆல்கஹால் சுமார் 61 கிராம். ஒரு ஒயின் பாட்டில் 750 மில்லி, 13 சதவீதம். அதில் சுமார் 77 கிராம். முழு பாட்டில் ஒயின் ஒரு குவார்ட்டரை விட அதிகம்! நம்ம ஊரில் டாஸ்மாக்கை இன்னமும் "ஒயின் ஷாப்"னுதான் சொல்றோம், விற்கிறது பிராந்தி. பேரு என்னவா இருந்தாலும் கல்லீரலுக்குப் போறது ஒரே எத்தனால்தான்.

7/ அப்போ "ஹார்ட்டுக்கு நல்லது" எங்கிருந்து வந்துச்சு? பிரெஞ்சுக்காரங்க கொழுப்பு அதிகம் சாப்பிட்டும் மாரடைப்பு குறைவு, காரணம் ஒயின் என்ற பேச்சு 1991-ல் அமெரிக்க டிவியில் வந்தது. அங்கே ரெட் ஒயின் விற்பனை எகிறிடுச்சு. 1992-ல் லான்செட் இதழில் கட்டுரையும் வந்தது. பின்னாடி நோண்டிப் பார்த்தா ஓட்டை. இந்த மாதிரி பல ஆய்வுகளில், நோய் வந்து குடியை விட்டவங்களையும் "குடிக்காதவர்" பட்டியலில் சேர்த்திருந்தாங்க. அளவா ஒயின் குடிக்கிறவங்க பெரும்பாலும் வசதியானவங்க. நல்ல சாப்பாடு, நல்ல வைத்தியம் கிடைக்கிறவங்க. பேரு மட்டும் ஒயினுக்குப் போச்சு.

8/ "அதில் ரெஸ்வெரட்ரால் இருக்கே டாக்டர்?" இருக்கு, லிட்டருக்குச் சில மில்லிகிராம். ஆய்வுகளில் மாத்திரையாக் கொடுத்துப் பார்த்தது நூற்றுக்கணக்கான மில்லிகிராம். அந்த அளவுக்கு ஒயின் குடிச்சா இதயம் பிழைக்கிறதுக்குள்ள ஆள் போயிடுவார். அதே பொருள் கொஞ்சம் கடலையிலும் இருக்கு. நம்ம மாவட்டத்தில் கடலைக்கா பஞ்சம்? அவிச்சு சாப்பிடுங்க.

9/ புற்றுநோய் விஷயம் இன்னும் தெளிவு. சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை மதுவை 1988-லேயே முதல் வகைக் காரணியா அறிவிச்சிருச்சு. புகையிலை இருக்கிற அதே வகை. வாய், தொண்டை, குரல்வளை, உணவுக்குழாய், கல்லீரல், பெருங்குடல், மார்பகம். ஒயினுக்கு விதிவிலக்கு கிடையாது. 2023 ஜனவரியில் உலக சுகாதார நிறுவனம் சொன்னது: பாதுகாப்பான அளவு என்று எதுவும் இல்லை.

10/ "சங்க காலத்திலேயே யவனர் ஒயின் குடிச்சவன் தமிழன்"னு கமெண்ட் வரும், தெரியும். உண்மைதான். அரிக்கமேட்டில் ரோமானியர் மதுச்சாடித் துண்டுகள் கிடைச்சிருக்கு. நம்ம கருக்காக்குறிச்சியில் 1898-ல் 501 ரோமானியத் தங்கக் காசு கிடைச்சது. பெருமைப்படுவோம். ஆனா வணிகத்தோட பழமை மருத்துவச் சான்றிதழ் ஆகாது. பெரியம்மையும் பழசுதான்.

11/ என் சக டாக்டர்களுக்கு ஒரு வார்த்தை. குவார்ட்டர் அடிக்கிற கொத்தனாரை "குடிகாரன்"னு கேஸ் ஷீட்டில் எழுதுறோம். ஒயின் ஊத்திக்கிற நம்மை "ரசனை உள்ளவர்"னு சொல்லிக்கிறோம். நோயாளி முட்டாள் இல்ல, நம்மளைக் கவனிக்கிறார். குடிக்கிறது உங்க இஷ்டம், நான் போலீஸ் இல்ல. ஆனா அதுக்கு மருந்துன்னு பேரு வைக்காதீங்க. எம்பிபிஎஸ் பட்டத்தை பாட்டில் லேபிளா ஒட்டாதீங்க.

12/ கடைசியா, தினமும் நிறைய குடிக்கிறவங்க வீட்டில் இருந்தா இதைக் காட்டுங்க. தானா திடீர்னு நிறுத்தினா ரெண்டு மூணு நாளுக்குள்ள கை நடுக்கம், வலிப்பு, பிதற்றல் வரலாம். உயிருக்கே ஆபத்தாகலாம். அரசு மருத்துவமனைக்குக் கூட்டிட்டு வாங்க, இலவசமா மருந்து கொடுத்துப் படிப்படியா நிறுத்த வைக்கலாம். இலவச உதவி எண் 14446.

13/ அந்த ஸ்டேட்டஸ் 24 மணி நேரத்தில் தானா மறைஞ்சிருச்சு, பொய் மறையல. கொத்தனார் அண்ணன்கிட்ட வார்டில் உட்கார்ந்து சொன்னேன்: "ஒயினும் கூடாதுண்ணே. நான் போட்டது தப்பு." அவர் மனைவி கேட்டாங்க: "அப்போ நீங்க?"

நானும் நிறுத்திட்டேன்மா.