மானியமும் பட்டாவும்

வேளாண்மைக்கெனத் தனி நிதிநிலை அறிக்கை 14-8-2021 அன்று தமிழ்நாட்டுச் சட்டமன்றத்தில் முதன்முறையாகப் படிக்கப்பட்டது. அது முதல் ஒவ்வோர் ஆண்டும் அவ்வறிக்கை வெளியானவுடன் குமாரலிங்கபுரத்துத் தேநீர்க் கடையில் எழும் கேள்வி ஒன்றே: "நமக்கு இதில் என்ன?" கேட்பது நியாயமே. விடையைத் தேடி எல்லோரும் பத்திரிகையைப் புரட்டுகிறோம். வீட்டுத் தகரப் பெட்டியைத் திறந்து பார்ப்போர் மிகச் சிலர்.

நமது ஊருக்கு மேற்கே 12 ஏக்கர் கரிசல் ஒரே தொடர்ச்சியாகத் தரிசு கிடக்கிறது. சீமைக்கருவேல் மண்டி, ஆடு நுழையவும் வழியில்லை. 2021-22இல் தொடங்கிய கலைஞரின் அனைத்துக் கிராம ஒருங்கிணைந்த வேளாண் வளர்ச்சித் திட்டத்தில், இத்தகைய தரிசை 10 முதல் 15 ஏக்கர் கொண்ட தொகுப்பாக எடுத்து, முள்ளை அகற்றி, நீர் ஆதாரமும் அமைத்துத் தரும் ஏற்பாடு இருந்தது. நிலத்துக்காரர் ஒன்பது பேர் கூடினர், குழு அமைக்க இசைந்தனர், கணக்கும் போட்டாயிற்று. அப்பொழுதுதான் நடுவிலுள்ள இரண்டு சர்வே எண்களின் பட்டா, காலஞ்சென்று முப்பது ஆண்டுகளுக்கு மேலான ஒரு பெரியவர் பெயரிலேயே இருப்பது தெரிந்தது. அவருடைய பேரன்மார் இருவர் திருப்பூரிலும் ஒருவர் சிவகாசியிலும் இருக்கின்றனர். நடுவில் இரண்டு துண்டு விடுபட்டால் தொடர்ச்சி ஏது? காரியம் அத்துடன் நின்றது. குற்றம் அந்தப் பேரன்மார்மீது மட்டும் உரியதன்று. மற்ற எட்டுப் பேரின் காகிதங்களையும் நாம் பார்த்தோம். அவர்களிலும் மூவர் பட்டாவில் இறந்தவர் பெயரே இருந்தது.

இந்நிலை ஒரே நாளில் வந்ததன்று. கர்ணம் இருந்த காலத்தில், எந்தப் புஞ்சை எவருடையது என்பது அவர் நாவிலேயே இருந்தது. காகிதம் தவறினாலும் ஊர் தவறாது. பரம்பரைக் கிராம அலுவலர் பதவிகள் 1980 நவம்பரில் ஒழிக்கப்பட்டு, கிராம நிர்வாக அலுவலர்கள் வந்தனர். அச்சீர்திருத்தம் வேண்டியதே, ஆயினும் நாவில் இருந்த கணக்கு ஏட்டில் ஏறாமலே போயிற்று. 1979 முதல் 1987 வரை நடைபெற்ற நில உடைமைப் பதிவு மேம்பாட்டுத் திட்டத்தின்போது பெயர் பிழையாக எழுதப்பட்டதும், ஒருவர் நிலம் மற்றவர் பட்டாவில் ஏறியதும், அண்ணன் தம்பிகள் ஒரே கூட்டுப் பட்டாவில் அடைபட்டதும் இப்பக்கத்தில் அநேகருக்குத் தெரிந்த செய்தி. அன்று வந்த பிழை பின்னர் கணினியிலும் அப்படியே ஏறிவிட்டது. வானம் பார்த்த பூமிதானே, விற்கப்போகிறோமா என்று நாமும் வாளாவிருந்தோம்.

இன்று வரும் உதவி எதுவாயினும் அந்தக் காகிதத்தையே முதலில் கேட்கிறது. பிரதமரின் கௌரவ நிதி 1-12-2018 முதல் ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு 6,000 ரூபாயை மூன்று தவணையாகத் தருகிறது. 1-2-2019க்குப் பிறகு நிலம் கைமாறியிருந்தால், உடையவர் இறந்து வாரிசுக்கு வந்த நிலத்துக்கு மட்டுமே அது உண்டு. அதற்கும் வாரிசின் பெயர் பட்டாவில் ஏறியிருத்தல் வேண்டும். தாத்தா பெயரில் பட்டாவை வைத்துக்கொண்டு உழுபவருக்கு இல்லை. சொட்டுநீர்ப் பாசனத்திற்கு நம் மாநிலத்தில் சிறு, குறு விவசாயிகளுக்கு நூற்றுக்கு நூறும், மற்றவர்களுக்கு நூற்றுக்கு எழுபத்தைந்தும் மானியம். ஆனால் சிட்டா, அடங்கல், நிலப்பட நகல், வட்டாட்சியர் தரும் சிறு குறு விவசாயிச் சான்று ஆகிய யாவும் ஒரே பெயரைச் சொல்லவேண்டும். பண்ணைக் கருவிகளுக்குப் பொதுவாக நூற்றுக்கு நாற்பது; சிறு குறு விவசாயிகளுக்கும், பெண்களுக்கும், ஆதிதிராவிடர், பழங்குடியினருக்கும் ஐம்பது. (மீதிப் பாதியை நாம் கொணர வேண்டும் என்பதைப் பலர் மறந்துவிடுகின்றனர். மானியம் கிடைக்கிறதென்று கருவி வாங்கி, கொட்டகையில் துருப்பிடிக்க விட்டு, வட்டி கட்டுவோரை நாம் கண்டிருக்கிறோம்.) 2025 தொடக்கம் முதல் ஊர்தோறும் முகாமிட்டு வழங்கப்பட்ட விவசாயி அடையாள எண்ணும் பட்டாவோடு ஆதாரை இணைத்தே தரப்படுகிறது.

ஆகவே விண்ணப்பத்திற்கு ஆயத்தமாவது திட்டம் அறிவிக்கப்பட்ட பின்பு செய்யும் வேலையன்று. இறப்புச் சான்று, வாரிசுச் சான்று, அதன்பின் வாரிசுகள் அனைவர் பெயரிலும் கூட்டுப் பட்டா என்பதே முறை. தனிப் பட்டா வேண்டுமாயின் பாகப்பிரிவினைப் பத்திரம் எழுதிப் பதிந்து, நில அளவர் வந்து உட்பிரிவு செய்ய வேண்டும். செலவுக்கு அஞ்சியே பலர் இதனை ஒத்திப்போடுகின்றனர். குடும்பத்தாருக்குள் எழுதும் பாகப்பிரிவினைக்கு முத்திரைத் தீர்வை, பிரியும் பங்கின் மதிப்பில் நூற்றுக்கு ஒன்று. 2023 ஜூலையில் அதன் உச்ச வரம்பு 25,000 ரூபாயிலிருந்து 40,000 ரூபாயாக உயர்ந்ததைச் சொல்லிப் பலர் மலைக்கின்றனர். நம் மானாவாரிப் புஞ்சையின் மதிப்புக்கு அந்த வரம்பை எட்டுபவர் இவ்வூரில் எவரும் இலர். ஆதாரில் ஒரு பெயர், பட்டாவில் ஒரு பெயர், வங்கிப் புத்தகத்தில் மற்றொன்று என்று இருப்பதையும் இப்பொழுதே திருத்திக்கொள்ளலாம். முன்னெழுத்து ஒன்று மாறியதனால் தவணை நின்றவர் நமது அங்கத்தினருள்ளேயே உண்டு. அடங்கலையும் பருவந்தோறும் பார்த்து வரவேண்டும். உளுந்து நிற்கும் நிலத்தில் 'தரிசு' என்று எழுதியிருந்தால், அறுவடைக்குப் பிறகு முறையிட்டுப் பயன் இல்லை; பயிர்க் காப்பீட்டுக்கு அந்த அடங்கலே சாட்சி.

இவ்விடத்தில் கசப்பான ஒன்றையும் சொல்லவேண்டும். பட்டா மாற்றத்தைச் சகோதரர்கள் ஒத்திப்போடுவதற்குச் செலவைவிடப் பெரிய காரணம், உடன்பிறந்த சகோதரிகள். வாரிசுச் சான்று வாங்கினால் கமுதிக்கும் பரமக்குடிக்கும் வாழ்க்கைப்பட்டுப் போனவர்கள் பெயரும் அதில் வரும். வந்தால் பங்கு கேட்பார்களோ என்னும் அச்சம். 1989இல் தமிழ்நாட்டிலும் 2005இல் நாடு முழுவதிலும் சட்டம் மகளுக்கும் சம உரிமை தந்துவிட்டது. அவர்களை மறைத்து வாங்கும் பட்டா எந்நாளும் நிலைக்காது. கூப்பிட்டுப் பேசினால் அநேகர் மனமுவந்து விடுதலைப் பத்திரம் எழுதித் தருவர்; பங்கு கேட்டால் அது அவர்களுக்கு உரியதே. மறுபுறம், கணவன் வெளியூர் வேலைக்குப் போக, மாமனார் பெயரிலுள்ள புஞ்சையைத் தனியே விதைத்து, களையெடுத்து, அறுத்து வரும் பெண்கள் இவ்வூரில் எத்தனை பேர்! பெண்ணுக்கென்று வைத்த ஐம்பது சதவிகித மானியம் அவர்கள் வீட்டு வாசலுக்கு வருவதேயில்லை.

அரசாங்கத்தாரிடமும் நமக்கு ஒரு வழக்கு உண்டு. வாரத்திற்கும் குத்தகைக்கும் உழுபவர் பெயர் எந்தப் பட்டாவிலும் இராது. குத்தகை உரிமையைப் பதிவதற்கு 1969ஆம் ஆண்டுச் சட்டம் இருந்தும், நிலத்தை விட்டுக் கிளப்பிவிடுவார்களோ என்று அஞ்சிப் பதிவு செய்வோர் அரியர். ஆந்திரத்தில் 2019இல் சாகுபடியாளர் உரிமைச் சட்டம் கொணர்ந்து, நில உரிமைக்கு ஊறு நேராதபடி 11 மாதத்துக்கு அட்டை வழங்க வழி செய்தனர். ஒடிசாவில் 2018 இறுதியில் அறிவித்த காலியா திட்டத்தில் வாரக்குடிகளையும் நிலமற்றோரையும் சேர்த்தனர். தெலங்கானத்தின் ரைது பந்துவோ 2018இல் தொடங்கியபோது நிலத்துக்காரருக்கே பணம் தந்தது. குத்தகையாளர் வெறுங்கையோடு நின்றனர். இவற்றுள் எது நமக்கு வேண்டும் என்பதை உழுபவரைக் கேட்டறிய வேண்டும்.

காகிதத்தை இவ்வளவு கடுமையாகக் கேட்பதற்கும் காரணம் உண்டு. 2020இல் கௌரவ நிதியில் நம் மாநிலத்தில் தகுதியற்றோர் இலட்சக்கணக்கில் பதிவாகி, நூறு கோடி ரூபாய்க்கு மேல் போயிற்று. கமிஷனுக்குப் பதிவு செய்து தந்த இடைத்தரகர்களே அதற்குக் காரணம். "நான் முடித்துத் தருகிறேன், ஆதாரைக் கொடு" என்று எவரேனும் வந்தால், நமது அங்கத்தினர் ஆதாரைப் பெட்டியிலேயே வைத்திருப்பாராக. நெசவாளர் குடும்பங்களுக்கும் இதுவே பொருந்தும். ஒரே கூரையின்கீழ் தம்பி தறியிலும் அண்ணன் ஏரிலும் இருக்கும் வீடுகள் நம்மிடை பல. தறிக்குரிய அடையாள அட்டையில் உள்ள பெயரும் சரியாக இருக்கட்டும்.

வருவாய்த் தீர்வாயம் வழக்கம்போல் மே, சூன் மாதங்களில் வட்டாட்சியர் அலுவலகத்தில் கூடும். பட்டாவில் பெயர் திருத்தவும் வாரிசு சேர்க்கவும் அங்கு மனுக் கொடுக்கலாம். தனித்தனியே சென்று வெயிலில் நிற்பதினும், அங்கத்தினர் யாவரும் தத்தம் காகிதங்களைச் சங்கத்திற்குக் கொணர்ந்து, ஒன்றாக மனு எழுதி, ஒரே நாளில் செல்வது நலம். மேற்சொன்ன 12 ஏக்கரின் நடுவிலுள்ள இரண்டு துண்டுகளுக்கும் வாரிசுகள் மொத்தம் ஏழு பேர் என்று கணக்கிட்டிருக்கிறோம். ஐவருக்குக் கடிதம் போயிருக்கிறது. மற்ற இருவர் வாழ்க்கைப்பட்ட ஊரை அறிந்தவர் எவரேனும் இருப்பின் சங்கத்திற்குத் தெரிவிக்கவும்.